அழிக்க வேண்டிய வரி

போன மாதம் சுகன்யா போன் செய்தாள். நான் ஓய்வு பெற்றபின் என் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிற பெண். நல்ல பெண்தான், வாய் மட்டும் கொஞ்சம் நீளம்.

“மெகருக்கா, புது சாஃப்ட்வேர் வந்துட்சிக்கா. ரெண்டு தடவ வந்த பேரையெல்லாம் அதுவே கண்டுபிடிச்சி அதுவே தூக்கிடுது. ஒரே க்ளிக்குதான். நீங்க எதுக்குக்கா இம்மாம் ஃபார்முலா எழுதி வெச்சிருக்கீங்க? உங்க ஷீட்டத் தொறந்தாலே தல சுத்துது.”

“தல சுத்துனா எலுமிச்சம்பழம் புழிஞ்சி குடி. அந்த ஷீட்ட மட்டும் அழிச்சிடாத.”

“அழிக்கலக்கா. ஆனா ஏன்னு சொல்லுங்க.”

போனில் சொல்கிற விஷயமில்லை, எழுதி அனுப்புகிறேன் என்றேன். வைத்துவிட்டேனே தவிர அன்று முழுக்க எனக்கு எரிச்சலாகவே இருந்தது. அவள் மீதல்ல. ஒரே க்ளிக் என்று சிரித்துக்கொண்டு சொல்ல முடிகிறதே, அதன் மீது. நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் சிரித்துக்கொண்டிருந்தேன்.

தெரியாதவர்களுக்காக முதலில் சொல்லிவிடுகிறேன். செஞ்சியைச் சுற்றியுள்ள கிராமங்களில் இலவசக் கண் முகாம் நடத்துகிற ஓர் அறக்கட்டளையில் நான் வேலை பார்த்தேன். பெயர் வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை ஏதாவதொரு ஊர்ப் பள்ளிக்கூடத்தில் முகாம் நடக்கும். வந்தவர்களின் பெயரைத் தொண்டர்கள் எழுதிக்கொள்வார்கள். சுவரில் எழுத்துப் பலகை மாட்டிப் பார்வையைச் சோதிப்பார்கள். கண்ணில் புரை முற்றியிருந்தால் ஆபரேஷன் பட்டியலில் பெயர் ஏறும். சில நாளில் அந்த ஊருக்கு ஒரு பஸ் போகும். பட்டியலைப் பார்த்துப் பெயரைக் கூப்பிட்டு, ஏற்றிக்கொண்டு பாண்டிச்சேரி ஆஸ்பத்திரிக்குப் போய்விடும். கறுப்புக் கண்ணாடியோடு திரும்பி வருவார்கள். அந்தப் பட்டியல் தயாரிப்பதுதான் என் வேலை.

என் அப்பா, எங்கள் வழக்கில் அத்தா, பஜாரில் தையல் கடை வைத்திருந்தவர். பத்தாவது முடித்ததும் என்னை டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் சேர்த்துவிட்டார். ‘பொம்பளப் புள்ள தையல் தைக்க வேணாம், முதுகு போயிடும்’ என்பது அவர் கணக்கு. முதுகு இதிலும் போனது, அது வேறு கதை. டைப்பிங் முடித்து, கல்யாணம் முடித்து, கொஞ்ச நாள் வீட்டில் இருந்து, பிறகு இங்கே வந்து சேர்ந்தேன். முதலில் கார்டில் எழுதி அடுக்கினோம். பிறகு கம்ப்யூட்டர் வந்தது. எக்செல் எனக்கு யாரும் வகுப்பெடுத்துச் சொல்லித் தரவில்லை. தப்புத் தப்பாகச் செய்து, திட்டு வாங்கி, கற்றுக்கொண்டேன். எல்லோரும் அப்படித்தான் கற்றுக்கொள்கிறார்கள், வெளியில் சொல்வதில்லை.

ஆபீஸ் மருந்துக் கடைக்கு மேலே மாடியில் இருந்தது. மதியமானால் மலைப் பாறையில் ஏறின சூடு ஊருக்குள் இறங்கும். ஃபேன் காற்றே அனலாக வரும். கோட்டை பார்க்க வருகிறவர்கள் வியர்க்க விறுவிறுக்கக் கீழே குளிர்ந்த தண்ணீர் வாங்குவதைப் பார்த்து, ‘காசு கொடுத்து வந்து காய்கிறார்களே’ என்று நாங்கள் சிரிப்போம்.

எங்கள் மேலாளர் தணிகாசலம் சார். வேறு எங்கோ நல்ல வேலையில் இருந்துவிட்டு, சும்மா இருக்கப் பிடிக்காமல் இங்கே வந்தவர். அவர் கம்ப்யூட்டரைத் தொடமாட்டார். என் நாற்காலிக்குப் பின்னால், காதில் பென்சிலைச் செருகிக்கொண்டு நிற்பார். “படிங்கம்மா” என்பார். நான் ஒவ்வொரு பெயராகப் படிக்க வேண்டும். கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. தவறு வந்தால், “இன்னொரு தடவ படிங்க” என்பார், அவ்வளவுதான். அந்த இன்னொரு தடவை படிப்பதற்குள் நமக்கே நாக்கு உலர்ந்துவிடும். மற்ற ஆபீஸ்களில் கத்துகிற மேனேஜர்கள் உண்டு. அவர்களிடம் வேலை பார்ப்பது சுலபம்.

அவர் வந்த புதிதில் எடுத்த முதல் விஷயம் இரட்டைப் பதிவு. பஸ்ஸில் சீட் குறைவு, ஆஸ்பத்திரியில் கட்டில் குறைவு. ஒரே ஆள் பெயர் இரண்டு தரம் ஏறியிருந்தால் ஒரு சீட் காலியாகப் போகும். அதில் போயிருக்க வேண்டிய ஆள் இன்னும் சில மாதம் தடவித் தடவி நடக்க வேண்டும். “ஒரு வரிய அழிச்சா ஒரு மனுஷனுக்கு எடம் கெடைக்குதும்மா” என்பார் சார். அவர் சொன்னதில் தப்பே இல்லை. இதை நான் அழுத்திச் சொல்கிறேன். பின்னால் நடந்ததைப் படித்துவிட்டு அவரை யாரும் கல்நெஞ்சக்காரர் என்று நினைத்துவிடக் கூடாது.

இரட்டைப் பதிவு என்றால் யாரோ ஏமாற்றுகிறார்கள் என்று நினைப்பீர்கள். அப்படி அபூர்வம். ஒரு முகாமில் பேர் கொடுத்தவர் பஸ் வரும்வரை பொறுக்காமல் பக்கத்து ஊர் முகாமிலும் கொடுப்பார். மகள் ஒரு இடத்தில் எழுதிவைப்பாள், மருமகள் இன்னோர் இடத்தில். சீயமங்கலம் பக்கத்திலிருந்து சுப்புராயன் என்று ஒருவர் எல்லா முகாமுக்கும் வந்துகொண்டிருந்தார். அவர் பெயருக்கு மட்டும் வரிசையாக வரிகள். கண்ணில் ஒரு கோளாறும் இல்லை. சார் அவரை வரவழைத்து உட்காரவைத்து, ஏன் இப்படி வருகிறீர்கள் என்று கேட்டார்.

“சோறு நல்லா போடறீங்க சார்” என்றார் அவர். கொஞ்ச நேரம் தலையைச் சொறிந்தார். “அப்புறம் அந்த டாக்டரு பொண்ணு மொகத்துக்கு நேரா மொகத்த வெச்சி, டார்ச்சு அடிச்சி, நிதானமா பாக்குது. எம்மூஞ்ச யாரு சார் அப்டி பாக்கறாங்க?”

அவர் போனபின் எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தோம். சார் சிரிக்கவில்லை. “வந்துட்டுப் போகட்டும், பட்டியல்ல மட்டும் ஏத்தாதீங்க” என்றார்.

இனி ஃபார்முலா. சுகன்யா கேட்டது அதைத்தானே.

முதலில் பெயரைச் சுத்தம் செய்ய வேண்டும். முன்னும் பின்னும் ஒட்டிக்கொண்டிருக்கிற வெற்றிடங்களை ட்ரிம் போட்டு எடுப்போம். அப்புறம் பெயர், கணவர் அல்லது தகப்பனார் பெயர், ஊர், போன் நம்பர், நான்கையும் ஒட்டி ஓரத்தில் ‘காலம்’ என்கிற நெடுவரிசை ஒன்றில் வைப்போம். அதற்குச் சாவி என்று பெயர். அடுத்த காலத்தில் கவுண்ட் இஃப். இந்தச் சாவி பட்டியலில் எத்தனை தடவை வருகிறது என்று எண்ணிச் சொல்லும். ஒன்று என்று வந்தால் தொல்லை இல்லை. அதற்கு மேல் வந்தால் அது ஒரு குழு. அதற்கடுத்த காலத்திலும் அதே ஃபார்முலாதான், ஆனால் ஆரம்பிக்கிற இடத்தை டாலர் குறி போட்டு, மாட்டை முளையில் கட்டுகிற மாதிரிக் கட்டிவிட்டு, முடிகிற இடத்தை மட்டும் வரிக்கு வரி நீள விடுவோம். அப்போது இந்த வரி தன் குழுவில் முதலாவதா இரண்டாவதா என்று தெரிந்துவிடும்.

இதோடு நிறுத்தியிருந்தால் பாதிப் பேரைத் தப்பாக அழித்திருப்போம். மனிதருக்குக் கண் இரண்டு. வலது கண் இந்த வருஷம், இடது கண் அடுத்த வருஷம் என்று ஒரே ஆள் இரண்டு வரியாக வருவது நியாயமான விஷயம். அதனால் சாவியோடு கண்ணையும் சேர்த்து எண்ணுவதற்கு கவுண்ட் இஃப்ஸ் போட்டோம். அதே ஆள், வேறு கண் என்றால் விட்டுவிடலாம். அதே ஆள், அதே கண் என்றால் இரட்டைப் பதிவு. அதே கண்ணில் ஒரு வரி ‘ஆபரேஷன் ஆனது’ என்றும் இன்னொரு வரி ‘ஆக வேண்டும்’ என்றும் இருந்தால் அது இருக்கவே முடியாத குழு. அது சிவப்பு நிறத்தில் தெரியும்படி செய்துவைத்தேன்.

வயதை ஏன் சேர்க்கவில்லை என்று கேட்கலாம். எங்கள் பக்கத்தில் வயது என்பது அன்றைக்கு வாயில் வருவது. ஒரு முகாமில் ஐம்பது என்பார், அடுத்ததில் ‘அறுவது போட்டுக்கம்மா’ என்பார். வயதைச் சேர்த்தால் ஒரே ஆள் நாலு ஆளாகிவிடுவார். ஆதார் கேட்கலாமே என்றால், அது டிரங்குப் பெட்டியில் துணிக்கு அடியில் இருக்கும். கார்டு இல்லை என்று முகாமிலிருந்து யாரையும் திருப்பி அனுப்பக் கூடாது என்பது டாக்டர்கள் போட்ட கண்டிப்பு. அதனால்தான் அந்த நான்கு. பெயர் பொதுவாக இருக்கும் என்று சாருக்கு நன்றாகத் தெரியும். எங்கள் தெருவிலேயே ஒரே பெயரில் மூன்று பேர் உண்டு, பள்ளிவாசலில் ஒருவரைக் கூப்பிட்டால் மூன்று பேரும் திரும்புவார்கள். அதற்காகத்தான் கணவர் பெயரும் போன் நம்பரும் சேர்த்தார். நான்கும் ஒத்துப்போனால் அது வேறு ஆளாக இருக்க வழியே இல்லை என்று அவரும் நினைத்தார், நானும் நினைத்தேன்.

குழுக்களை நான் பிரின்ட் எடுத்துக் கொடுப்பேன். சார் பென்சிலால் டிக் போட்ட வரியைத்தான் அழிக்கலாம். அழித்ததையும் தூக்கி எறியாமல் ‘நீக்கியவை’ என்று தனி ஷீட்டில் போட்டுவைக்கச் சொல்லியிருந்தார். தாள் அகலம் போதாது என்பதால் சாவி, கண், எண்ணிக்கை இவை மட்டும் பிரின்டில் வரும். பார்வை அளவு, வயது, குறிப்பு எல்லாம் திரையோடு நின்றுவிடும். இரண்டு தாளை ஒட்டிப் பார்க்க யாருக்கும் தோன்றவில்லை.

தொண்டூருக்குப் போகிற வழியில் ஒரு சின்ன ஊர். அந்த ஊர் முகாமில் பச்சையம்மாள், கணவர் பெயர் மன்னாரு, என்று இரண்டு வரி வந்திருந்தது. ஊர் ஒன்று, போன் நம்பர் ஒன்று, இரண்டிலும் வலது கண். நான் படித்தேன். சார் கண்ணை மூடிக் கேட்டார். டிக் போட்டார். இரண்டாவது வரி போனது. பஸ் போனது, ஆபரேஷன் ஆனது, ‘ஆனது’ என்று குறித்தாயிற்று. அன்று நாங்கள் பார்த்த எத்தனையோ குழுக்களில் அதுவும் ஒன்று. அதை நான் அன்றே மறந்துவிட்டேன்.

ஒரு வருஷத்துக்கு மேல் ஆகியிருக்கும். அதே ஊரில் நடந்த முகாமில் ஒரு புதுத் தொண்டர் பழைய விவரத்தைப் பார்க்காமல் பெயர்களை ஏற்றிவிட்டார். என் ஷீட்டில் சிவப்பு விழுந்தது. பச்சையம்மாள், மன்னாரு, வலது கண், ஆனது. பச்சையம்மாள், மன்னாரு, வலது கண், ஆக வேண்டும்.

சார் இந்த மாதிரிக் குழுக்களைத் தானே போன் செய்து விசாரிப்பார். வேறு யாரிடமும் விடமாட்டார். ஸ்பீக்கரில் போட்டார். எடுத்தது பெங்களூரில் கட்டட வேலை பார்க்கிற மகன். பின்னால் சிமென்ட் கலக்குகிற மெஷின் சத்தம்.

“தம்பி, உங்க அம்மா பேரு பச்சையம்மாளா?”

“ஆமா சார்.”

“அவங்களுக்கு வலது கண்ணு ஆபரேஷன் ஆயிட்சா?”

“ஆயிட்சே சார். நல்லா தெரியுதுன்னு சொல்லிச்சி. ஏன் சார், எதனா பிரச்சினையா?”

“ஒண்ணும் இல்லப்பா” என்று சார் வைத்துவிட்டார். பென்சிலை எடுத்தார். கேள்வியும் சரி, பதிலும் சரி. அந்தப் பையன் ஒரு பொய்யும் சொல்லவில்லை.

டிக் போட்டார். நான் அழிக்கவில்லை, மறுநாள் செய்யலாம் என்று விட்டேன். பெரிய ஞானமெல்லாம் இல்லை, அன்று சாயங்காலம் பஸ்ஸைப் பிடிக்க வேண்டியிருந்தது. மறுநாள் காலை முந்தின முகாமுக்கான கண்ணாடிகளைக் கொடுக்க அந்தப் பக்கம் வேன் போனது. ஆள் போதாமல் சாரும் நானும் போனோம். அந்த ஊரில் வேப்பமரத்தடியில் வேனை நிறுத்தினோம். கண்ணாடி வாங்குகிறவர்கள் வாங்கிப் போனபின், சார் பட்டியலைப் பார்த்துவிட்டுச் சொன்னார்.

“அந்த பச்சையம்மாளையும் பாத்துட்டுப் போயிடலாம்மா. எதுக்கு மறுபடியும் பேரு குடுத்தாங்கன்னு கேட்டுடலாம்.”

சொல்லியனுப்பினோம். கொஞ்ச நேரத்தில் இரண்டு பெண்கள் வந்தார்கள். ஒருத்தி முன்னால் நடக்க, இன்னொருத்தி அவள் தோளைப் பிடித்துக்கொண்டு பின்னால். பின்னால் வந்தவள் காலைத் தேய்த்துத் தேய்த்து வைத்தாள்.

“பச்சையம்மாள் யாரும்மா?” என்று கேட்டேன்.

“நாந்தாம்மா” என்றாள் முன்னால் இருந்தவள்.

“நானுந்தான்” என்றாள் மற்றவள்.

சார் பட்டியலைத் தாழ்த்தினார். “மன்னாரு வூட்டுக்காரம்மா?”

“ரெண்டு பேருந்தான் சார்” என்றாள் முன்னால் இருந்தவள். வெட்கப்படுகிற மாதிரி சிரித்தாள். “இது எங்கக்கா. பெரிய பச்சையம்மா. நான் சின்ன பச்சையம்மா. எங்க நைனா அம்மனுக்கு வேண்டிக்கினு பெத்தாராம், பொறந்த பொண்ணுங்களுக்கெல்லாம் அம்மன் பேருதான். அக்காவுக்குப் புள்ள இல்லன்னு என்னையும் அதே வூட்டுல குடுத்துட்டாங்க. ஊருல பெரிசு, சின்னதுன்னு கூப்டுவாங்க. எழுதறப்போ யாரு பெரிசு சின்னதெல்லாம் எழுதறாங்க?”

பச்சையம்மாளும் மன்னாரும் எங்கள் பக்கத்தில் சாமி பெயர்கள். வீட்டுக்கு ஒன்று இருக்கும். அக்காள் தங்கை இருவருக்கும் ஒரே பெயர் வைக்கிற வழக்கமும் எனக்குத் தெரியும், ஒரே வீட்டில் இரண்டு பேரைக் கொடுக்கிற வழக்கமும் தெரியும். இரண்டும் ஒரே இடத்தில் சேரும் என்று நினைக்கவில்லை. மன்னாரு செத்துச் சில வருஷம் ஆகிறதாம். போன் அந்த மகனுடையது. அவன் சின்னவள் பெற்ற பிள்ளை.

சார் மெதுவாகக் கேட்டார். “அப்போ ஆபரேஷன் யாருக்கும்மா ஆச்சி?”

“எனக்கு சார்” என்றாள் சின்னவள். சிரிப்பு போய்விட்டது.

பெரியவள்தான் மீதியைச் சொன்னாள். ஆள் இருக்கிற பக்கம் என்று நினைத்து, வேனின் டயரைப் பார்த்துச் சொன்னாள்.

“கேம்ப்புல ரெண்டு பேருந்தான் பேரு குடுத்தோம் சாமி. பஸ்ஸு வந்தப்போ பச்சையம்மான்னு ஒரு தபாதான் கூப்ட்டாங்க. வூட்டுக்கு ஒருத்தருக்குத்தான் போலன்னு நெனச்சிக்கினோம். இவ கெளம்ப மாட்டேன்னா. ‘நீதான் கழனிக்குப் போறவ, நீ போடி, எனக்கு அடுத்த தபா வரும்’னு நாந்தான் புடிச்சித் தள்ளனேன்.”

“அடுத்த கேம்ப்புல வந்து சொல்லியிருக்கலாமேம்மா” என்றார் சார்.

“வந்தேனே சாமி. ரெண்டு தபா வந்தேன். பேரு கேட்டுட்டு, ‘ஒனக்கு ஆயிட்சின்னு கம்ப்யூட்டர்ல இருக்குது, புது ஆளுங்களுக்கு எடம் குடு’ன்னு அனுப்பிட்சி ஒரு பொண்ணு. எனக்கு இன்னும் ஆவலம்மான்னு சொன்னேன். கம்ப்யூட்டர்ல இருக்குதுன்னா நான் இன்னா பண்றது?”

“எடது கண்ணு?” என்று நான் கேட்டேன்.

“அது எப்பவோ போயிட்சிம்மா. அறுப்புல நெல்லு குத்தி. இந்த ஒண்ணுதான்.”

வேன் படியில் உட்கார்ந்துவிட்டேன்.

வலது கண் சிவந்து, நீர் கோத்து, வெண்மையாக இருந்தது. போன மாதம் முழுக்கத் தலை தெறிக்கிற வலியாம், விளக்கெண்ணெய் விட்டார்களாம், இப்போது வலி குறைந்துவிட்டதாம். வலி குறைந்தது நல்லது என்று அவள் நினைத்துக்கொண்டிருந்தாள். முகாம்களில் நின்று டாக்டர்கள் பேசுவதைக் கேட்ட எங்களுக்கு அது நல்லதல்ல என்று தெரியும். மற்ற ஊர்களுக்கான மீதிக் கண்ணாடிகளைச் சார் பார்க்கவில்லை. “ஏறுங்கம்மா, ரெண்டு பேரும் ஏறுங்க” என்றார். வேன் நேராகப் பாண்டிச்சேரிக்குப் போனது.

வழியில் ஒரு இடத்தில் சார், “நாலும் ஒத்துப்போச்சேம்மா” என்றார், என்னிடம் இல்லை, வேனின் ஜன்னல் கண்ணாடியைப் பார்த்து. நான் போனில் ஷீட்டைத் திறந்து ‘நீக்கியவை’யைப் பார்த்தேன். நாங்கள் அழித்த வரி அங்கே இருந்தது. இடது கண் பார்வை என்ற காலத்தில் ‘இல்லை’ என்று முகாம் டாக்டர் எழுதியிருந்தார். பட்டியலில் மிஞ்சி நின்ற சின்னவள் வரியில் இடது கண் நன்றாக இருப்பதாக இருந்தது. பள்ளிக்கூடப் பிள்ளை பார்த்தால்கூட இரண்டும் வேறு வேறு ஆள் என்று சொல்லியிருக்கும். தாளில் இடம் இல்லாமல் போன காலங்களில் அது இருந்தது. போனைச் சாரிடம் நீட்டினேன். வாங்கிப் பார்த்தார். திருப்பிக் கொடுத்துவிட்டு, காதிலிருந்த பென்சிலை எடுத்துச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

ஆஸ்பத்திரியில் இருந்தது சின்ன வயதுப் பெண் டாக்டர். அறையை இருட்டாக்கி, டார்ச்சைக் கையில் எடுத்துக்கொண்டார்.

“வெளிச்சம் எந்தப் பக்கம் தெரியுதும்மா?”

“மேலம்மா.”

“இப்போ?”

“இந்தப் பக்கம். நல்லா தெரியுதும்மா.”

டார்ச்சை டாக்டர் இன்னும் போடவேயில்லை. தெரியவில்லை என்று சொன்னால் இந்தத் தடவையும் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று பயந்து, பெரியவள் டாக்டர் கேட்டதற்கெல்லாம் தெரியுது தெரியுது என்று சொல்லிக்கொண்டிருந்தாள். பிறகு டார்ச்சைப் போட்டும் பார்த்தார்கள். அவள் அதே மாதிரிதான் சொன்னாள், வெளிச்சம் இல்லாத பக்கத்தை.

டாக்டர் எங்களை வெளியே கூப்பிட்டார். “புரை ரொம்ப முத்தி உள்ளேயே கசிஞ்சிருக்கு சார். பிரஷர் ஏறி நரம்பு போயிடுச்சு. இனிமே ஆபரேஷன் பண்ணிப் பிரயோஜனம் இல்ல. வலி வராம இருக்க மருந்து தரேன்.” கொஞ்சம் தயங்கினார். “போன வருஷமே வந்திருந்தா சாதாரண ஆபரேஷன். ஏன் இவ்வளவு நாள் விட்டாங்க?”

சின்னவள் சுவரில் சாய்ந்து, முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். சத்தம் வெளியே வராமல் அழுதாள். அக்காள் உள்ளே நாற்காலியில், கூப்பிடுவார்கள் என்று நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள்.

அந்த வராண்டாவில் உட்கார்ந்துதான் அழித்த பழைய வரியைத் திரும்ப ஏற்றி, புது வரியையும் அதோடு சேர்த்து ஒன்றாக்கினேன். பெயருக்கு முன்னால் ‘பெரிய’ என்று சேர்த்தேன். நிலை என்ற காலத்தில் நாமே எழுத முடியாது, இருப்பதில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ‘ஆபரேஷனுக்கு உகந்ததல்ல’ என்பதைத் தேர்ந்தெடுத்தேன். உடனே அந்தக் குழுவின் சிவப்பு மறைந்துவிட்டது. கணக்குப்படி இனி அங்கே ஒரு தவறும் இல்லை. அந்த போனைத் தூக்கி எறிய வேண்டும் போல இருந்தது.

சுகன்யா, உனக்குத் தலை சுற்றுகிற ஃபார்முலாக்கள் அதற்குப் பிறகு எழுதியவை. சாவி ஒத்துப்போனாலும், குழுவுக்குள் மற்ற ஒவ்வொரு காலமும் ஒத்துப்போகிறதா என்று அவை எண்ணும். வலது கண் பார்வை, இடது கண் பார்வை, வயது, குறிப்பு. எது வேறுபட்டாலும் ‘நேரில் பார்’ என்று வரும். தேவையில்லாமல் நிறைய வரும். உன் வேலை கூடும். கூடட்டும். போனில் கேட்கிற கேள்வியையும் மாற்றினோம். ‘உங்க அம்மாவுக்கு ஆயிட்சா’ என்று கேட்காதே. ‘உங்க வீட்டுல இந்தப் பேருல எத்தன பேரு’ என்று கேள். அதற்குப் பிறகு பிரின்டை இரண்டு தாளாக எடுத்து, பசை போட்டு ஒட்டித்தான் சாருக்குக் கொடுத்தேன். அவர் கண்ணை மூடிக் கேட்பதை விட்டுவிட்டு, கண்ணாடி போட்டுக்கொண்டு தானே படிப்பார். கொஞ்ச நாளில் வேலையை விட்டுவிட்டார். மூட்டு வலி என்று சொன்னார்.

குற்றம் யார் மீது என்று பலபேர் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். சார் மீது போட எனக்கு மனம் வரவில்லை. பெயர் வைத்த தகப்பன் மீதா, அடுத்த தபா வரும் என்று தங்கையைத் தள்ளிவிட்டவள் மீதா? யார் மீதாவது போட்டால் எனக்குத் தூக்கம் வரும் என்றால் போட்டுவிடுவேன். வராது.

அன்று ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பும்போது பெரியவளிடம் யாரும் எதுவும் சொல்லவில்லை. டாக்டர் சொட்டு மருந்து கொடுத்திருந்தார். அதை மடியில் கட்டி, இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு வந்தாள். ஊர் வந்து, வேன் நின்றது. அவள் எழுந்திருக்கவில்லை.

“சாமி, இப்போ எம்பேர தனியா ஏத்திட்டீங்களா?”

“ஏத்திட்டோம்மா” என்றார் சார்.

“அவ வேற, நான் வேறன்னு?”

“ஆமாம்மா.”

“அப்போ அடுத்த பஸ்ஸுல என்ன கூப்டுவாங்க, இல்ல?”

சார் என்னைப் பார்த்தார். சின்னவள் முதலில் இறங்கி, கீழே நின்று, அக்காளை நோக்கிக் கையை நீட்டினாள்.

“கூப்டுவாங்கக்கா. படி ஒசரமா இருக்குது, கையப் புடிச்சிக்க.”